கோல் கணக்கில் வராதவன்

மே 4, திங்கள்

வெறும் வயிற்றில் சர்க்கரை: 186.

தினமும் இந்த எண்ணையும் எவ்வளவு நேரம் நடந்தேன் என்பதையும் எழுதி வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். எண் எழுதுவது எனக்குப் புதிதல்ல. பம்புசெட் கம்பெனியின் காஸ்ட் அக்கவுண்ட்ஸில் இருபத்து மூன்று வருடமாக அதைத்தான் செய்கிறேன். நடப்பதுதான் சிக்கல். இன்று நடந்தது வீட்டு வாசலில் இருந்து ஸ்கூட்டர் வரை.

சேர்மன் கூப்பிட்டு அனுப்பினார். "கனகமணி, உங்களுக்கு ஃபுட்பால் தெரியுமா?"

"தெரியாதுங்க சார்."

"அப்ப நீங்கதான் சரியான ஆளு."

விஷயம் இதுதான். எங்கள் கம்பெனிக்குச் சொந்தமாக ஒரு தொழில்முறைக் கால்பந்து கிளப் உண்டு. பனியன் முதுகில் பம்புசெட் பெயர் வரட்டும் என்று ஆரம்பித்தது. அந்தக் கிளப்புக்கு மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு அகாடமி இருக்கிறது. பதின்மூன்றில் இருந்து பதினெட்டு வயது வரை நாற்பது பையன்கள் அங்கேயே தங்கிச் சாப்பிட்டு, பள்ளிக்கூடம் போய், காலையும் மாலையும் பந்து உதைக்கிறார்கள். வருடச் செலவு ஒரு கோடியே இருபது லட்சம். வரவு என்ற இடத்தில் வெறும் கோடு.

அதை மூடிவிட்டு அந்தப் பணத்தில் இரண்டு ரெடிமேடு ஆட்டக்காரர்களை வாங்கலாம் என்பது ராகவேந்தரின் யோசனை. சேர்மனின் அக்கா மகன், கிளப்பின் நிர்வாகி. ஒரு மாதம் அங்கே இருந்து பார்த்து, அகாடமி லாபமா நஷ்டமா என்று நான் அறிக்கை எழுத வேண்டும். ஜூன் 8 போர்டு மீட்டிங்கில் ராகவேந்தர் அதை வாசிப்பார். "மூடலாம்னுதான் வரும். ஆனா அது பேப்பர்ல வரணும்" என்றார் சேர்மன். வேலை சுத்தமாக முடிந்தால் சென்னை ஆபீசில் ஜெனரல் மேனேஜர் பதவி எனக்கு என்று கோடி காட்டினார்.

விடை தெரிந்த கணக்கைப் போடுவது எனக்குக் கைவந்த கலை. போன வருடம் மின்கட்டணத்தில் நாற்பது லட்சம் மிச்சம் பிடித்த திட்டத்துக்கு மேடையில் கேடயம் வாங்கியது ராகவேந்தர். அதைத் தட்டச்சு செய்ததில் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

மே 6, புதன்

சர்க்கரை 181. நடை இல்லை.

அகாடமி கேட்டுக்குள் நுழைந்ததும் ஒரு பந்து பறந்து வந்து என் ஸ்கூட்டர் கண்ணாடியை உடைத்தது. பின்னாலேயே மன்னிப்புக் கேட்க ஒரு பட்டாளம் ஓடி வந்தது. கண்ணாடி விலை நூற்று நாற்பது. செலவுக் கணக்கின் முதல் வரியாக அதை எழுதிக்கொண்டேன்.

கோச் பெயர் உமாபதி. வியாசர்பாடிக்காரர், ஐம்பது வயது, இரண்டு முழங்காலும் போனவர். கும்பிட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார். "நீங்க இன்னாத்துக்கு வந்துகீறீங்கன்னு தெரியும் மேடம். முதல்ல சாப்டுங்க. மூடுறத அப்பால பாத்துக்கலாம்."

சாப்பாடும் விடுதியும் ருக்குமணியக்கா பொறுப்பு. அன்னூர்க்காரர். நாற்பது பையன்களையும் ஒரே கரண்டியால் மிரட்டி வைத்திருக்கிறார். கொள்ளு ரசம் நன்றாகவே இருந்தது, அதற்காக நான் மனம் மாறப்போவதில்லை.

மைதானத்து ஓரம் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு லேப்டாப்பைத் திறந்தேன். அவ்வப்போது ஒரு பையன் வந்து, "மேடம், ஒரு நிமிஷம் எந்திரிங்க" என்பான். நாற்காலியை நகர்த்திவிட்டு ஓடிவிடுவான். இரண்டு தடவை எரிச்சல் வந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது, இன்று முழுக்க என் மேல் வெயிலே படவில்லை.

மே 8, வெள்ளி

சர்க்கரை 178.

கிளப்பின் புத்தகங்களைப் பார்த்தேன். எனக்கே சிரிப்பு வந்தது.

பெரிய அணிக்காகப் போன வருடம் தொண்ணூறு லட்சம் கொடுத்து ஒரு முன்வரிசை ஆட்டக்காரரை வாங்கினார்கள். வந்த மாதமே தொடையில் தசை கிழிந்து, இன்றுவரை ஏசி அறையில் ஐஸ் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். புத்தகத்தில் அவர் சொத்து. வருடா வருடம் தேய்மானம் போடுகிறார்கள், மெஷினுக்குப் போடுவது போல. அதே அணியில் இந்த அகாடமியில் வளர்ந்த நான்கு பேர் ஒரு ஆட்டம் விடாமல் ஆடுகிறார்கள். அவர்களைக் காசு கொடுத்து வாங்கவில்லை, அதனால் புத்தகத்தில் அவர்களுக்கு மதிப்பு பூஜ்யம். அவர்கள் தின்ற சோறு மட்டும் செலவு.

இதில் யாருடைய தப்பும் இல்லை. எல்லா நாட்டிலும் கிளப் கணக்கு இப்படித்தான் போடுகிறார்கள், விதி அது. விலைக்கு வந்தால் சொத்து, வீட்டில் வளர்ந்தால் செலவு.

ராகவேந்தருக்கு ஃபோன் செய்து சொன்னேன். "அதெல்லாம் ரொம்ப ஆழமா போகாதீங்க மேடம். டோட்டல் மட்டும் போதும்" என்றார்.

மே 11, திங்கள்

சர்க்கரை 170. நடை: இருபத்தைந்து நிமிடம். மைதானத்தைச் சுற்றினால் மரநிழல் இருக்கிறது, வேறு காரணம் இல்லை.

பையன்களைத் தரம் பிரித்து அட்டவணை போட்டேன். பெயர், வயது, எத்தனை வருடமாக இருக்கிறான், இந்த வருடம் எத்தனை கோல், தரம். கோச் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதினேன்.

முதலிடம் அஜின். கன்னியாகுமரிக் கடற்கரைப் பையன், பதினேழு வயது. இருபத்தாறு கோல். தரம் ஏ. நடந்து வரும்போதே தன்னைப் பத்துப் பேர் படம் எடுப்பதாக நினைத்துக்கொள்கிறான், ஆனால் கெட்டவன் இல்லை.

பட்டியலின் அடியில் குணாளன் என்று ஒருவன். வால்பாறை எஸ்டேட் பையன், அவனுக்கும் பதினேழு. ஐந்து வருடமாக இருக்கிறான். கோல்: பூஜ்யம். முந்தின வருடங்களிலும் அதேதான்.

"ஐந்து வருஷமா ஒரு கோல்கூடவா இல்ல?" என்றேன்.

கோச் தலையைச் சொறிந்தார். "அவன் மிட்ஃபீல்டு மேடம். அவன் இல்லாங்காட்டி டீமே நிக்காது. ஆனா கோல் கணக்குல வரமாட்டான்."

"என் டேபிள்ல அதுக்கு கட்டம் இல்லீங்களே."

தரம் சி என்று எழுதினேன். அந்தச் சமயம் அவனே டீ கொண்டுவந்து வைத்தான். பார்த்தால், நாற்காலி நகர்த்துகிறவன்.

மே 13, புதன்

சர்க்கரை 166. டீயில் சர்க்கரை இல்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை. ருக்குமணியக்காவைக் கேட்டால், "குணாதானுங் சொன்னான், மேடம் மாத்திரை போடறாங்க, டீல சீனி வேண்டாம்னு" என்கிறார்.

மே 15, வெள்ளி

சர்க்கரை எழுத மறந்தேன்.

இன்று ஒரு அசட்டுத்தனம் செய்துவிட்டேன். சமையலறை இருப்பைப் பார்க்கும்போது, "அரிசி ஜூன் கடைசி வரைக்கும் வருமாங்க்கா? அதுக்கு மேல ஆர்டர் போட வேண்டாம்" என்று வாய் தவறிச் சொன்னேன்.

ருக்குமணியக்கா கரண்டியை வைத்துவிட்டார். "ஏனுங், ஜூலைல பசங்க பட்டினியா கெடப்பாங்களா?"

நான் பதில் சொல்லவில்லை. அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

மதியம் சாப்பாட்டு அறையில் நாற்பது பேரும் சத்தமில்லாமல் சாப்பிட்டார்கள். பத்து நாளாக இந்தச் சத்தம் எப்போது ஓயும் என்று இருந்தேன். ஓய்ந்ததும் சோறு இறங்கவில்லை. குணா மட்டும் வழக்கம்போலக் கடைசியில் உட்கார்ந்து, யார் தட்டில் எது குறைகிறது என்று பார்த்து, கேட்கும் முன்னாலேயே பாத்திரத்தை அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தான்.

மே 18, திங்கள்

சர்க்கரை 158. நடை: நாற்பது நிமிடம்.

கோச்சிடம் பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தேன். எந்தத் தொழிலாக இருந்தாலும் ஒரு சரக்காவது விலை போனால் அந்தப் பிரிவை மூடச் சொல்லி எழுதுவது கஷ்டம் என்றேன். இங்கே ஒரு பையனைப் பெரிய கிளப் ஒன்று முப்பது லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கினால் அறிக்கையின் போக்கே மாறிவிடும் என்றும் சொன்னேன். பொதுவாகத்தான் சொன்னேன்.

"பொதுவாதானே மேடம்" என்றார் உமாபதி. உடனே யாருக்கோ ஃபோன் செய்ய எழுந்து போனார். முழங்கால் போனவர் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை.

மே 20, புதன்

மும்பைப் பெரிய கிளப் ஒன்றுக்காக ஊர் ஊராகப் போய்ப் பையன்களைத் தேடும் பென்னி மேத்யூ என்பவர் சனிக்கிழமை வருகிறாராம். கோச்சும் அவரும் ஒரு காலத்தில் ஒரே அணியில் ஆடியவர்கள். அஜினைப் பார்க்கத்தான் வருகிறார். அகாடமியே இரண்டாகப் பிரிந்து அவர் முன்னால் ஒரு ஆட்டம் ஆடப்போகிறது.

அஜினுக்கு முடி வெட்டிவிட்டார்கள். ருக்குமணியக்கா அவனுக்கு மட்டும் இரண்டு முட்டை வைத்தார். நான் எந்தப் பக்கமும் இல்லை.

மே 23, சனி

சர்க்கரை 155. நடை: கணக்கில்லை, நிற்கவும் உட்காரவும் முடியவில்லை.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பென்னி மேத்யூ ஒல்லியான மனிதர். தொப்பி, கையில் ஒரு வாட்டர் பாட்டில். என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஃபோனில் வீடியோ எடுக்க ஆரம்பித்தார். விசில் ஊதியதும் ஆட்டம் ஆரம்பித்தது. ஐந்து நிமிடத்தில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இத்தனை நாளில் எனக்கும் கொஞ்சம் ஆட்டம் புரிகிறது. பந்து யார் காலுக்குப் போனாலும் அவன் தலையைத் தூக்கி அஜினைத்தான் தேடினான். கோலுக்கு முன்னால் தனியாக நின்ற ஒரு பொடியன், சும்மா தட்டினால் உள்ளே போகும் பந்தைத் திருப்பி எடுத்துவந்து அஜினிடம் கொடுத்தான். சரி, தன் அணிக்காரன் என்று விடலாம். எதிரணியும் அதையே செய்தது. அஜின் வந்தால் டிஃபென்ஸ் பையன்கள் கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்கு வழி விடுவது போல விலகினார்கள். ஒருவன் யாரும் தொடாமலே கீழே விழுந்து காலைப் பிடித்துக்கொண்டான். கோல்கீப்பர் பந்து வருவதற்கு முன்பே வேறு பக்கம் பாய்ந்தான்.

நாற்பது பேரும் கூடிப் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். அஜின் விலை போனால் அகாடமி பிழைக்கும் என்று.

அஜின் அடித்த முதல் பந்து கம்பத்துக்கு மேலே போனது. இரண்டாவது வேப்பமரத்துக்குப் போனது. மூன்றாவதில் கோல்கீப்பர் தரையில் கிடந்தான், கோல் முழுக்கத் திறந்து கிடந்தது, அஜின் பந்தை விட்டுவிட்டுத் தரையை உதைத்தான். கோச் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். ருக்குமணியக்கா சமையலறை வாசலில் நின்று சாமி பெயர்களை வரிசையாகச் சொன்னார். ஆட்டம் முழுக்க நாற்பது பேர் உருட்டிக் கொடுத்தும் ஒரு கோல்கூட இல்லை.

பென்னி மேத்யூ கடைசியில் எழுந்து, "நல்ல டீ. சீனி குறைச்சல்" என்றார். கோச்சின் தோளில் தட்டிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

எனக்கு அழுகை வந்தது. அதை எழுதாமல் விட்டு என்ன ஆகப்போகிறது.

மே 24, ஞாயிறு

விடுமுறை. அகாடமிக்குப் போக வேண்டிய வேலை ஒன்றும் இல்லை. போனேன்.

அஜின் யாரோடும் பேசாமல் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் போய் நின்றேன். "எனக்க காலுக்கு என்னமோ ஆயிட்டு மேடம். எல்லாவனும் தந்தானுவ. தரத் தர பயந்துட்டேன்" என்றான்.

"எனக்கும் அப்படித்தான் ஆகியிருக்கும்" என்றேன்.

மைதானத்தில் குணா தனியாக நின்று சுவரில் பந்தை உதைத்துக்கொண்டிருந்தான். சுவரில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் சுண்ணாம்பு உதிர்ந்து செங்கல் தெரிந்தது.

மே 27, புதன்

சர்க்கரை 149.

அறிக்கையை எழுதத் தொடங்கினேன். "மூடுவது உசிதம்" என்று ஒரு வரி எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதினேன். பிறகு அலமாரியைச் சுத்தம் செய்தேன்.

மே 29, வெள்ளி

பென்னி மேத்யூ ஃபோன் செய்தார். கோச் ஸ்பீக்கரில் போட்டார். நானும் ருக்குமணியக்காவும் ஆளுக்கொரு பக்கம் காதை வைத்துக்கொண்டு நின்றோம்.

"உமாபதி, அந்த ஆறாம் நம்பர் பையன் யாரு?"

"எந்த ஆறு?"

"நடுவுல நின்னவன். அந்த ஒம்பதாம் நம்பர் எங்க ஓடினாலும் பந்து அவன் வலது கால்லயே போயி விழுந்ததே. நீங்க எல்லாரும் ஒம்பதாம் நம்பரைப் பார்த்தீங்க. நான் பந்து எங்கேருந்து வருதுன்னு பார்த்தேன். வீடியோவை எங்க கோச்சுக்கும் போட்டுக் காட்டியாச்சு. கொடுத்ததும் அவன் திரும்பி அடுத்த வேலைக்குப் போயிடறான். கை தட்டறாங்களான்னுகூடப் பார்க்கலை. எங்க கோச் நாலு வருஷமா தேடற ஆள் அவன்."

ஒன்பதாம் நம்பர் அஜின். ஆறாம் நம்பர் குணா.

அஜினைக் காட்ட எல்லோரும் சேர்ந்து போட்ட நாடகத்தில், அஜினுக்கு அதிகமாகப் பந்து கொடுத்தவன் அவன். என் அட்டவணையைத் திறந்தேன். குணாளன், கோல் பூஜ்யம், தரம் சி. எனக்கு வந்த கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை. அட்டவணை போட்டதும் நானே.

ருக்குமணியக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மிணி, ஜூலைக்கு அரிசி சொல்லிப் போடட்டுமா?" என்றார். மேடமில் இருந்து அம்மிணிக்கு மாறிவிட்டார்.

ஜூன் 2, செவ்வாய்

மும்பைக் கிளப்பின் மேனேஜர் ஒருவரும் பென்னி மேத்யூவும் எங்கள் ஆபீசுக்கு வந்தார்கள். எங்கள் பக்கம் ராகவேந்தர், ஃபைல் எடுத்துக் கொடுக்க நான்.

மேனேஜர் பதினைந்து லட்சம் என்றார். ராகவேந்தர் முகம் மலர்ந்தது. சும்மா கிடந்த பொருளுக்கு யாரோ காசு தருகிறார்களே என்ற மலர்ச்சி. கை கொடுக்க எழுந்தேவிட்டார்.

"சார், ஒரு நிமிஷம் உக்காருங்க" என்றேன். சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம்.

மேனேஜரிடம் கணக்கைச் சொன்னேன். ஒரு பையனுக்கு வருடத்துக்கு மூன்று லட்சம் செலவு. ஐந்து வருடத்துக்குப் பதினைந்து. நீங்கள் சொல்வது அவன் தின்ற சோற்றுக்கும் தேய்த்த பூட்ஸுக்கும் சரியாகப் போகும். எங்கள் ஃபவுண்டரியில் நூறு வார்ப்பு ஊற்றினால் இருபது உடைந்து போகும். அந்த இருபதின் செலவையும் மிச்ச எண்பதின் விலையில் ஏற்றித்தான் பம்பு விற்கிறோம். இங்கே நாற்பது பேருக்குச் சோறு போட்டால்தான் ஒரு குணா வருவான்.

உடைந்த வார்ப்பு என்று பையன்களைச் சொல்லிவிட்டோமே என்று அப்போதே மனசு குத்தியது. "மத்தவங்களும் நல்லவங்கதான். அவங்க கொடுத்து வாங்கித்தான் இவன் கத்துக்கிட்டான். அதுக்கும் சேர்த்து அறுபது லட்சம்" என்றேன்.

ராகவேந்தர் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். நான் மிதியை வாங்கிக்கொண்டேன்.

காய்கறி மார்க்கெட்டில் பீன்ஸ் வாங்கும் அனுபவம் முழுவதையும் இறக்கினேன். ஒரு கட்டத்தில் ஃபைலை மூடி, "பரவால்லீங்க, அவன் இன்னும் ரெண்டு வருஷம் எங்ககிட்டயே ஆடட்டும்" என்று எழுந்தேன். பென்னி மேத்யூ மேனேஜர் காதில் ஏதோ சொன்னார். நாற்பத்தைந்து லட்சத்துக்கு முடிந்தது. அதோடு, நாளை குணாவை அவர்கள் வேறு கிளப்புக்கு விற்றால் அந்த விலையில் ஐந்தில் ஒரு பங்கு அகாடமிக்கு.

போகும்போது பென்னி மேத்யூ, "மேடம், நீங்க எந்த கிளப்ல இருந்தீங்க?" என்று கேட்டார். பம்புசெட் என்றேன்.

ஜூன் 5, வெள்ளி

சர்க்கரை 138.

குணா என்னைத் தேடி வேப்பமரத்தடிக்கு வந்தான். பழக்கதோஷத்தில் முதலில் நாற்காலியை நகர்த்தினான். பிறகு நின்றுகொண்டே இருந்தான்.

"என்னடா?"

"மேடம், நான் போனா அகாடமிய மூட மாட்டாங்கல்ல?"

"இருக்க வைக்கத்தான் பார்க்கறேன்."

"அப்ப எனக்குப் பதிலா அஜினை அனுப்ப முடியாதா? அவன் அப்பா கடலுக்குப் போறதில்ல இப்ப. அவனுக்குத்தான் ரொம்ப ஆசை. நான் அடுத்த வருஷம் போய்க்கிறேன்."

நாற்பத்தைந்து லட்சத்தையும் பந்து மாதிரி அடுத்தவன் காலுக்குத் தள்ளப் பார்க்கிறான்.

"அட மடப்பயலே" என்றேன். "அஜினுக்கு வேற ஆள் வருவாங்க, அதுக்கு கோச் இருக்காரு, நான் இருக்கேன். எல்லாத்தையும் அடுத்தவனுக்குக் கொடுத்துட்டே இருக்கக் கூடாது. இது உன் பந்து. நீதான் அடிக்கணும்."

அவன் தலையை ஆட்டினான். "நீங்க அழறீங்களாக்கா?"

"வெயிலு. நாற்காலிய ஒழுங்கா நகர்த்தல நீ."

அக்கா என்றதை அவனும் கவனிக்கவில்லை, நானும் கண்டுகொள்ளவில்லை. அவன் போன பிறகு லேப்டாப்பைத் திறந்து அறிக்கையை எடுத்தேன். பையனிடம் சொன்ன வார்த்தை எனக்கே திரும்பத் திரும்பக் கேட்டது.

ஜூன் 7, ஞாயிறு

அறிக்கை முடிந்தது. வழக்கமாக ராகவேந்தருக்கு முந்தின நாளே அனுப்பிவிடுவேன். அவர் மேலே தன் பெயரைப் போட்டுக்கொள்வார். இன்று அனுப்பவில்லை. நெட் சரியில்லை என்று அவருக்குச் சொல்லியிருக்கிறேன். நெட் நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூன் 8, திங்கள்

சர்க்கரை பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மெஷினே வெடித்திருக்கும்.

போர்டு மீட்டிங்கில் சேர்மன், "ராகவா, ஆரம்பி" என்றார். ராகவேந்தர் என்னைப் பார்த்தார், நான் ஃபைலை நீட்டுவேன் என்று. நான் எழுந்து நின்றேன்.

"அறிக்கை எழுதினது நான்தானுங்க சார். நானே வாசிக்கறேன்."

அஜின் ஞாபகம் வந்தது. தரையை மட்டும் உதைத்துவிடக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

சொன்னேன். அகாடமி செலவு நூற்றிருபது லட்சம். இந்த வருடம் விற்ற ஒரு பையனின் விலை நாற்பத்தைந்து. பெரிய அணியில் ஆடும் நம் நான்கு பையன்களை வெளியே வாங்கியிருந்தால் குறைந்தது எண்பது. இதுவரை அது எந்தக் கணக்கிலும் வரவில்லை, காரணம் அதற்குப் புத்தகத்தில் இடம் கிடையாது. நாற்பத்தைந்தும் எண்பதும் நூற்றிருபத்தைந்து. ஒவ்வொரு வருடமும் குணா வரமாட்டான், நான்கு பேருக்கும் வருடா வருடம் எண்பது வராது, அதையும் மறைக்காமல் சொன்னேன். ஆனால் காசு கொடுத்து வாங்கியவர் ஐஸ் வைத்துப் படுத்திருப்பதையும் சொன்னேன். முடிக்கும்போது, "நமக்கு எண்ணத் தெரியலைங்கறதுக்காக ஒண்ணு பூஜ்யம் ஆயிடாதுங்க சார்" என்றேன். அது அறிக்கையில் இல்லை, தானாக வாயில் வந்தது.

சேர்மன் கண்ணாடியைத் துடைத்தார். "ஐந்து லட்சம் லாபம்" என்றார்.

"ஆமாங்க."

"போன வருஷம் அந்தக் கரண்ட் பில் திட்டம். அதையும் நீங்கதான் எழுதினீங்களா?"

நான் பதில் சொல்லவில்லை. ராகவேந்தர் தண்ணீர் குடித்தார். சேர்மனுக்கு அது போதுமானதாக இருந்தது.

அகாடமிக்கு மூன்று வருடம் அவகாசம் கொடுத்தார்கள். சென்னைப் பதவியைப் பற்றிச் சேர்மன் பேச்செடுத்தார். சென்னைத் தண்ணீர் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்றேன். அகாடமி கணக்கைத் தொடர்ந்து நானே பார்க்கிறேன் என்றும், அங்கே ஒரு மேஜை மட்டும் போட்டுக் கொடுங்கள் என்றும் கேட்டேன். நிழல் உள்ள இடமாக.

ஜூன் 20, சனி

சர்க்கரை 129. நடை: ஐம்பது நிமிடம், அதில் கொஞ்சம் ஓட்டம்.

குணாவின் அப்பா அம்மா எஸ்டேட்டில் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார்கள். அம்மா என்னிடம் ஒரு பை டீத்தூள் கொடுத்தார். காந்திபுரம் வரை போய்ப் பஸ் ஏற்றிவிட நாற்பது பேரும் கிளம்பினார்கள். கோச் விசில் ஊதிப் பாதிப் பேரைத் திருப்பி அனுப்பினார். அஜின் தன்னுடைய புது பூட்ஸைக் கழற்றிக் குணாவின் பையில் திணித்தான். "எனக்க அளவுதான்டே உனக்கும். வச்சுக்க" என்றான். இருவருக்கும் ஒரே அளவு இல்லை என்று எனக்குத் தெரியும். பூட்ஸ் வாங்கிய பில் என்னிடம்தான் இருக்கிறது.

அட்டவணையில் ஒரு புதுக் கட்டம் சேர்த்திருக்கிறேன். "கொடுத்தது." கோச் அதை நிரப்பத் தொடங்கியதும் பட்டியலே தலைகீழாக மாறிவிட்டது.

செப்டம்பர் 20, ஞாயிறு

மும்பைக் கிளப்பின் ஆட்டம் டிவியில் வந்தது. சாப்பாட்டு அறையில் பெஞ்சுகளை அடுக்கி உட்கார்ந்தோம். ருக்குமணியக்கா பால் பாயசம் வைத்திருந்தார். இந்த வருடம் புதிதாகச் சேர்ந்த பொடியன்களுக்கு அஜின், "அந்தா ஓரத்துல உக்காந்திருக்கது எங்க குணா" என்று காட்டிக்கொண்டே இருந்தான். அஜினையும் கோவாவில் ஒரு கிளப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. நான் விலையை யோசித்து வைத்திருக்கிறேன்.

ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது குணாவை இறக்கினார்கள். ஆறாம் நம்பர் கிடைக்கவில்லை, முப்பத்தாறு. முதல் இரண்டு பந்தையும் அலுங்காமல் கொடுத்தான். ஒவ்வொரு தடவையும் பொடியன் ஒருவன் திரும்பி, "அக்கா, ரேட் ஏறுதா?" என்றான். வாயை மூடு என்றேன்.

பிறகு பந்து அவனிடம் வந்தது. முன்னால் கோல் திறந்திருந்தது. அறை முழுக்க, "அடிடா" என்று கத்தியது. நான் பெஞ்சு மேல் ஏறி நின்று கத்தினேன். அவன் தலையைத் தூக்கினான். எங்களுக்குத் தெரியாத ஒருவன் அந்தப் பக்கம் இன்னும் வசதியாக நிற்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. பந்து போய் அந்த ஆளின் வலது காலில் விழுந்தது. கோல்.

டிவியில் கோல் போட்டவன் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டார்கள், அவனைத்தான் நான்கு தடவை காட்டினார்கள். குணா திரும்பி நடுக்களத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது மூலையில் சின்னதாகத் தெரிந்தது. எங்கள் சாப்பாட்டு அறையில் கோல் போட்டவன் பெயர் என்னவென்று இதுவரை ஒருவருக்கும் தெரியாது. குணா, குணா என்று தட்டில் தாளம் போட்டார்கள். கோச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

தொண்டை கட்டிக்கொண்டது, ஃபிரிட்ஜ் தண்ணீர் குடித்ததால் இருக்கும். பாயசம் இரண்டு டம்ளர். நாளைக்குச் சர்க்கரை எழுதப்போவதில்லை.